மாசி தொடங்கி முழுக்கில்லை

அச்சுவேலி
14.05.1986

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கலுக்கு வந்து பத்து நாள் நின்றுவிட்டு நீங்கள் மன்னாருக்குப் போன பிறகு நான் எழுதும் ஒன்பதாவது கடிதம் இது. உங்களிடமிருந்து வந்தவை நான்கு. கச்சேரியில் அரசாங்கக் கடிதம் எழுதுவதைத் தவிர அப்படி என்ன மலையைப் புரட்டுகிறீர்களோ தெரியாது. கடிதக் கணக்கில் ஒரு தபாலதிபரை ஏமாற்ற முடியாது, நினைவிருக்கட்டும்.

நான் தபாற் கந்தோரில் சொந்தக் கடிதம் எழுதவும் மாட்டேன், பிரிக்கவும் மாட்டேன். அந்தச் சட்டத்தை இன்றைக்கு நானே மீறிவிட்டேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். தபாற் பை கட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது.

எனக்குச் சுகமில்லை. காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, முகம் என்று ஏறுகிறது. இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்து, பிறகு குளிர்கிறது. தபாற் பைக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் என்று முதலில் நினைத்தேன். விளக்கை அணைத்தாலும் வருகிறது. இடைக்கிடை தலை சுற்றுகிறது. நேற்று எங்கள் தபாற்காரர் முத்துக்குமாரு ஒரு கட்டுக் கடிதத்தைத் தெருவும் ஒழுங்கையும் மாறிப் பிரித்துவிட்டார் என்று நான் கத்திய கத்தலில், முத்திரை வாங்க வந்த கிழவர் வாங்காமலே திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஏன் அழுதாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, மாதா மாதம் வருவதைப் பற்றி. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாசி தொடங்கி முழுக்கில்லை. விளங்கும்தானே. யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இந்த வேலையை இனியும் இழுக்க முடியுமா என்று யோசனையாக இருக்கிறது. உங்கள் மனதில் பட்டதை எழுதுங்கள்.

உங்கள்
பாலேஸ்வரி


மன்னார்
23.05.1986

என் ஈஸ்வரிக்கு,

உம்முடைய கடிதத்தைக் கச்சேரியில் வைத்தே பிரித்தேன். எனக்கு உம்மைப் போலச் சட்டம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை ஆறு தரம் வாசித்தேன். பிறகு எழும்பிப் போய், குடிக்கத் தண்ணீர் இருந்தும், வேறு கந்தோரில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

விரல் மடித்துப் பார்த்தேன். ஐப்பசி. ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அழும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, உமக்கு நாற்பத்தேழு. கண்ணாடி போட்டுக்கொண்டு தகப்பனாகப் போகிறேன். சிரிக்கிறவர்கள் வயிறு நோகச் சிரிக்கட்டும். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடம் நாங்கள் ஏறாத கோயில் உண்டா? காட்டாத வைத்தியர் உண்டா? யாருக்கும் சொல்லாமல் எனக்கு முதலில் சொன்னீர் பாரும், அதற்காகவே உமக்குக் கோடி புண்ணியம்.

வேலையை விடும். இன்றைக்கே விடும். அந்த வெக்கைக்குள் ஒரு நாளும் இருக்க வேண்டாம். தலை சுற்றுடன் பஸ் ஏறி இறங்கவும் வேண்டாம். என் சின்னாச்சி அக்காவுக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன். கோபிக்காதேயும், பக்கத்தில் ஒரு பெண் துணை வேண்டும். உம்முடைய கந்தோருக்கு அவவின் வீடு கிட்டத்தானே.

ஒரு பகிடி. கடிதத்தில் 14 என்று திகதி போட்டிருக்கிறீர். கந்தோர் முத்திரையில் 12 என்று இருக்கிறது. எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டீரோ? பிள்ளை வரப்போகிறது என்றதும் தபாலதிபருக்கே தலைகால் தெரியவில்லை!

உம்முடைய
நமசிவாயம்


அச்சுவேலி
02.06.1986

அத்தான்,

ஓரிடத்தில் இருந்து இதை வாசியுங்கள். கச்சேரியில் வாசிக்க வேண்டாம்.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. என்னுடையதை வழக்கம்போலப் பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்தேன். சின்னாச்சி அக்காவுடையதை முத்துக்குமாரு பத்தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு அக்கா என் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறார், சேலை மடியில் ஏழு புளிமாங்காய். கந்தோர் நிறையச் சனம்.

"எடியே ஈஸ்வரி, அம்பாள் கண்ணைத் திறந்திட்டா! ஏன்டி மறைச்சனி? உதிலை என்ன வெட்கம்? எங்கடை சின்னம்மா நாப்பத்தெட்டிலை பெத்தவ தானே!"

அப்போதுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன், அத்தனை பேருக்கும் முன்னால்.

பிள்ளை இல்லை, அத்தான். முழுக்கில்லை என்று நான் எழுதியது, அது நின்றுபோய்விட்டது, இனி வராது என்ற கருத்தில். சந்தேகத்துக்கு டாக்குத்தரிடமும் போனேன். சோதித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, "உது போற வயசு, ஒண்டும் செய்யேலாது" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எழுத வெட்கப்பட்டு அரைச் சொல்லில் எழுதினேன். மற்ற அரைவாசியை நீங்கள் நிரப்பிவிட்டீர்கள். பிழை என்னுடையது. உங்கள் கடிதத்தில் ஐப்பசி என்று எழுதிய இடத்தில் பேனை அழுந்தித் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். தந்த சந்தோசத்தை உங்களிடமிருந்து நானே திருப்பி வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் மாதா மாதம் தோற்றேன். அப்போதெல்லாம் அடுத்த மாதம் என்று ஒன்று இருந்தது.

முத்திரை விசயம் பகிடி இல்லை. காலையில் கந்தோரைத் திறந்ததும் முதல் வேலை, முத்திரையில் திகதியை மாற்றி, புத்தகத்தில் ஒருதரம் குத்திப் பார்ப்பது. இருபத்துநாலு வருடத்தில் அது தவறியதில்லை. அந்தச் செவ்வாயும் புதனும் மாற்றவில்லை. புத்தகத்தில் குத்தியும் இருக்கிறேன், கண்ணில் படவில்லை. மண்ணெண்ணெய் விற்கும் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்ட கனகரத்தினம் ஒரு சீப்புக் கதலிப்பழத்துடன் வந்து நன்றி சொன்னபோதுதான் தெரியவந்தது. முடிவுத் திகதி பன்னிரண்டு, அவர் கொண்டுவந்து தந்தது பதினாலு. நான் வேண்டுமென்றே செய்த உதவி என்று நினைத்துவிட்டார். இப்போது வேறு இரண்டு பேர் வந்து, "எங்களுக்கும் ஒருக்கால் அப்பிடிச் செய்து விடுங்கோ" என்று காதுக்குள் கேட்கிறார்கள்.

நானே மேலதிகாரி தபால் அத்தியட்சகருக்கு எழுதி அறிவித்தேன். இம்மாத முடிவுக்குள் விளக்கம் தரும்படி கேட்டிருக்கிறார். என்ன விளக்கம் கொடுப்பது? என் மூளை என்னை விட்டுப் போகிறது என்றா? ஓய்வு கேட்டு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழைத் திருத்தி, தட்டச்சு அடித்து, அங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். இங்கிருந்து அனுப்பினால் அதற்கு என் கையாலேயே முத்திரை குத்த வேண்டும். என்னால் முடியாது. அந்தக் கதிரையை விட்டு எழும்ப எனக்கு விருப்பம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பாலேஸ்வரி


மன்னார்
13.06.1986

ஈஸ்வரி,

கடிதம் வந்து நாலு நாள். முதல் நாள் லீவு போட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் கடற்கரையில் போய் இருந்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அங்கே இருக்கும்போது, இவளும் அழுதிருப்பாள், அதுவும் சனத்துக்கு முன்னால் அழ முடியாமல் நின்றிருப்பாள் என்று நினைவு வந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

நீர் என்னிடமிருந்து ஒன்றையும் திருப்பி வாங்கவில்லை. பதினெட்டு நாள் நான் தகப்பனாக இருந்தேன். அதுவும் நீர் தந்ததுதான்.

என் அறைக்கு அடுத்த வளவில் மார்கிரட் மிஸ்ஸி இருக்கிறார், கொழும்புத்துறைப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. உமக்கும் எனக்கும் இடைப்பட்ட வயது. வேலிக்கு மேலால் அவரிடம் கேட்டேன். கேட்பதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. முதலில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருப்பதைப் பற்றிக் கதைத்தேன். பிறகு மீன் விலையைப் பற்றி. "ஐயா, கேக்க வந்ததைக் கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். உடனே அவர் என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார். "உங்கடை மனுசி காலமை சாப்பிட்டுட்டோ வேலைக்குப் போறவ? ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி? கந்தோரிலை காத்து வர யன்னல் இருக்கோ? நெருப்புக்குக் கிட்டவோ இருக்கிறவ? தண்ணி குடிக்கிறவவோ? கக்கூஸ் இருக்கோ? கை மாத்த ஆராவது நிக்கினமோ? இரவிலை நித்திரையோ, ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்கு முழிச்சிருக்கிறவவோ?"

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, ஈஸ்வரி. உம்முடைய முத்திரை எந்தத் திகதி என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு, நீர் காலையில் சாப்பிடுகிறீரா என்பது தெரியவில்லை.

"இது வருத்தமில்லை ஐயா, பருவம்" என்றார் மிஸ்ஸி. "ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. சிலருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வெக்கைக்குள்ளை தனிய இருந்து, பட்டினியாக் கிடந்து, நித்திரை முழிச்சு, மனத்திலை உள்ளதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வேலை செய்யிறவளுக்கு இரண்டு மடங்காக் காட்டும். மறதியும் அதோடை வாறதுதான். நானே வாட்டிலை ஒரு ஆளுக்குக் குடுக்க வேண்டிய குளிசையைக் கையிலை வைச்சுக்கொண்டு, ஆருக்கு எண்டு தெரியாமல் நிண்டனான். விசர் பிடிச்சிட்டுதாக்கும் எண்டு பயந்து அவவை வேலையை விட விடாதேங்கோ. வீட்டிலை இருந்தாலும் உது வரும், யோசிக்க மட்டும் கூட நேரம் கிடைக்கும்."

அதனால் உம்முடைய ஓய்வுக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வேலையை விடும் என்று முதலில் எழுதியவனும் நான்தான். அது பிள்ளையை நினைத்து எழுதியது. உம்மை நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

விளக்கம் ஒன்றை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "இருதயக் களைப்பினால் ஏற்பட்ட தற்காலிகச் சோர்வு" என்று காரணம் காட்டியிருக்கிறேன். இருதயம் என்றால் எந்த அதிகாரியும் மறுகேள்வி கேட்க மாட்டான். கையெழுத்து வைத்து அனுப்பிவிடும். கௌரவமாகவும் இருக்கும்.

நமசிவாயம்


அச்சுவேலி
24.06.1986

அன்புள்ள அத்தானுக்கு,

மார்கிரட் மிஸ்ஸிக்கு என் பதிலைச் சொல்லுங்கள். காலையில் சாப்பிடுவதில்லை, ஆறு மணிக்கு ஒரு தேத்தண்ணி, கந்தோரில் இன்னும் நாலு. யன்னல் இருக்கிறது, பாதுகாப்புக்கு என்று போன வருடம் பலகை அடித்து மூடிவிட்டார்கள். கூரை தகரம். அரக்கு விளக்கு என் முழங்கைக்குப் பக்கத்தில். கக்கூஸ் இல்லை, அதனால் நாலரை மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. கவுண்டரை விட்டு நகரக் கை மாற்ற ஆளும் இல்லை. எழுதிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இப்படி இருந்தால் இருபது வயதுப் பெட்டைக்கும் தலை சுற்றும். இதையெல்லாம் எந்த டாக்குத்தரும் என்னிடம் கேட்கவில்லை. மிஸ்ஸி கேட்டதாக நீங்கள் எழுதியதை வாசித்த அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஆனால் உங்கள் விளக்கத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. என் இருதயத்துக்கு ஒன்றும் இல்லை, அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். அரைச் சொல் எழுதி ஒருதரம் பட்டது போதாதா? என் அரைச் சொல்லால் நீங்கள் கடற்கரையில் போய் இருந்தீர்கள். இப்போது முழுப் பொய் எழுதச் சொல்கிறீர்கள். அதென்ன கௌரவம்? இருதயத்தில் நோய் வந்தால் கௌரவம், கருப்பை ஓய்ந்தால் வெட்கமா?

நானே எழுதினேன். உங்கள் அளவுக்குத் தமிழ் வராது. இப்படித்தான் எழுதினேன்:

"எனக்கு வயது நாற்பத்தேழு. மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தில் இருக்கிறேன். அதனால் உடற்சூடும் நித்திரைக் குறைவும் மறதியும் இருக்கின்றன. மே 13, 14 ஆம் திகதிகளில் முத்திரையில் திகதி மாற்றாதது என் தவறு. காற்றில்லாத அறையும், அரக்கு விளக்கும், மலசலகூடம் இல்லாததும் இதைக் கூட்டுகின்றன. யன்னலைத் திறந்து கம்பி போட்டுத் தரவும், விளக்கை விறாந்தையில் வைக்க அனுமதிக்கவும், மதியம் அரை மணித்தியாலம் கவுண்டரை மூட இடம் தரவும் வேண்டுகிறேன். இந்தக் காரணத்துக்காக நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவள் என்று தாங்கள் கருதினால் ஓய்வில் செல்கிறேன்."

அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் போ என்றால் போக வேண்டியதுதான்.

காலையில் இப்போது இரண்டு இடியப்பமாவது சாப்பிடுகிறேன் என்று மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

உங்கள்
பாலேஸ்வரி


மன்னார்
04.07.1986

ஈஸ்வரி,

ஐயோ, என்ன வேலை செய்தீர்! அது ஆம்பிளைகள் இருக்கும் கந்தோர். கையிலிருந்து கைக்குப் போகும். எனக்குத் தெரியும். அப்படி ஒரு கடிதம் வந்தால் தேத்தண்ணி வேளையில் ஒருவர் எழும்பி நின்று வாசிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். போன வருடம் ஒரு ஆசிரியை பிரசவ லீவு கேட்டு எழுதியதை இங்கே அப்படித்தான் வாசித்தார்கள். நானும் இருந்தேன். நானும் சிரித்தேன்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டேன். உம்மோடு கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் உம்மோடு இல்லை.

உம்முடைய விளக்கத்தை மார்கிரட் மிஸ்ஸியிடம் காட்டினேன். "என்ரை மாதாவே!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டாம் தரமும் வாசித்துவிட்டு, "ஐயா, உதை எனக்கு ஒருக்கால் எழுதித் தாருங்கோ, எங்கடை தலைமைத் தாதி மேற்றனுக்குக் குடுக்க வேணும்" என்றார். நானே பிரதி எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதுகிறேன். ஒரு சொல்லைக் கூட மாற்ற இடம் கிடைக்கவில்லை.

யாராவது சிரித்தால் எனக்கு எழுதும். அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். இராணுவச் சென்றியில் எத்தனை மணித்தியாலம் மறித்து வைத்தாலும் வருவேன். உம்மை வீட்டுக்கு அனுப்பினால், அதுவும் பரவாயில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்தக் கதிரை உமக்கு என்ன என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பயத்துடன்,
உம்முடைய
நமசிவாயம்


அச்சுவேலி
18.07.1986

அன்புள்ள அத்தானுக்கு,

ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ் ஏற வேண்டாம். ஆனால் லீவு கிடைத்தால் சும்மா ஏறி வாருங்கள்.

மூன்று கிழமையாக ஒவ்வொரு பையையும் பிரித்ததும் அத்தியட்சகரின் கடிதத்தைத்தான் முதலில் தேடினேன். பதில் இன்று காலை வந்தது. யன்னலுக்கு அனுமதி, விளக்குக்கு அனுமதி, மதியம் இருபது நிமிடம் மூடலாம். அரை மணித்தியாலம் கேட்டால் இருபது நிமிடம், அரசாங்கம் தன் குணத்தை விடாது. கக்கூஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதற்கு இன்னொரு கடிதம் எழுதுவேன். முத்திரைத் தவறுக்கு ஒரு எச்சரிக்கை, அது எனக்கு வேண்டியதுதான். கடைசியில், "தங்கள் சேவை தொடர்ந்து தேவைப்படுகிறது" என்று இருந்தது. அந்த வரியை வாசித்துவிட்டு, கவுண்டரில் நின்ற சனத்துக்கு முன்னாலேயே அழுதேன். இந்த முறை ஏன் அழுதேன் என்று எனக்குத் தெரியும். லாச்சியில் இருக்கும் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பின்னேரம் சனம் குறைந்த பிறகு ஒரு அம்மா வந்தார், என் வயதிருக்கும், கையில் பள்ளிக்கூடக் கொப்பிகள். ஒரு முத்திரை கேட்டார். கொடுத்தேன். அதை ஒட்ட அவரிடம் கடிதம் இல்லை. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள்தானே பாலேஸ்வரி?"

"ஓம்."

"நான் பத்மாவதி. உடுவிலிலை இருந்து வாறன். அத்தியட்சகரின்ரை மனுசி."

கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு என் கதிரையில் இருத்தினேன். அவர் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"உங்கடை கடிதத்தை அவர் கந்தோரிலை ஒருத்தருக்கும் காட்டேல்லை. வீட்டை கொண்டுவந்து என்ரை கையிலை தந்து, 'உதெல்லாம் உண்மையோ?' எண்டு கேட்டார். வாசிச்சுப்போட்டு ஓம் எண்டன். 'உனக்கும் இருக்கோ?' எண்டார். மூண்டு வருசமா எண்டன். அவர் அண்டைக்குச் சாப்பிடேல்லை."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வியர்த்து, ஒரே நேரத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டோம். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எவ்வளவோ கதைத்தோம். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று முகம் துடைப்பாராம். பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு அழுவாராம். எல்லாம் என் கதை, இடம் மட்டும் வேறு.

பஸ் வரும் நேரம் ஆனதும் நான் கேட்டேன், "மூண்டு வருசமா ஏன் அவருக்குச் சொல்லேல்லை?"

"அவர் கேக்கேல்லை" என்றார்.

அத்தான், நீங்கள் என்னைப் பிழையாக விளங்கினீர்கள், பிழையாக விளக்கம் எழுதினீர்கள், அக்காவை ஊர் பார்க்க மாங்காய் கொண்டு வர வைத்தீர்கள். ஆனாலும் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று தொடங்கியாவது எனக்காகப் போய்க் கேட்டீர்கள். அதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு நோகும்.

உங்கள்
ஈஸ்வரி